கயிற்றின் அந்த முனையில் தீக்குச்சி

எட்டுப் பேரும் தோற்பதற்காகத்தான் வேன் ஏறி வந்தார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆள் பிடிக்க வந்த ஏஜென்ட் சரக்கு ஷெட் வாசலில் நின்றுகொண்டே போட்டு உடைத்துவிட்டான்.

"சிரிப்புப் படம். வயசான கயிறிழுப்பு வீரன் ஒருத்தன், எல்லாரும் ஒதுக்கினவன், திரும்பி வந்து கடைசியில ஜெயிக்கிறான். நீங்க எதிர் டீம். மலை மாதிரி நிக்கணும், மலை மாதிரி சாயணும். அவ்வளவுதான் வேலை."

"சாயறதுக்கு எதுக்குப்பா எட்டு பேரு? ஒரு சுவரைக் கட்டி இடிச்சுக்க வேண்டியதுதானே," என்றான் எட்டுப் பேரில் இளையவனான மொட்டை.

ஏஜென்ட் சிரிக்கவில்லை. சிரிப்புப் படத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் சிரிப்பதில்லை போலிருக்கிறது.

எட்டுப் பேரும் அந்த ஷெட்டில் மூட்டையும் பெட்டியும் இறக்கிக் காலம் தள்ளியவர்கள். இப்போது எல்லோருக்கும் தொப்பை, நரை, ஆளுக்கொரு மாத்திரை. ஆனால் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் கயிறிழுப்புப் போட்டி நடந்த காலத்தில் இவர்கள் வந்து கயிற்றைத் தொட்டார்கள் என்றால் எதிரணி செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. தோற்றால் எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

கயிற்றின் கடைசி ஆள் நங்கூரம். கயிற்றை அக்குளுக்குக் கீழே விட்டு, முதுகில் சுற்றி, எதிர்த் தோளுக்கு மேலே கொண்டுவந்து, குதிகாலை மண்ணில் புதைத்துச் சாய்ந்தார் என்றால், பிறகு அவரைக் கிளப்ப ஒரு எஞ்சின் வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கிறவர் சங்கு. வேலை நேரம் முடிந்ததும் ஊதுமே ஆலைச் சங்கு, அந்தத் தொண்டை. அவர் எதிரே வாயைத் திறந்தால் நாய்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். அவர் கயிற்றைத் தொடுவதில்லை. ஆகவே ஒன்பது பேர் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் எப்போதும் எட்டுப் பேர் என்றுதான் சொல்வார்கள். சங்கு மட்டும் கோபித்துக்கொள்வார்.

நங்கூரத்துக்குத் தோள்பட்டை போய் நாலைந்து வருஷம் ஆகிறது. மழை மேகம் கட்டினால் முதலில் தெரிவது அவர் தோளுக்குத்தான். ஆனாலும் கதாநாயகன் யார் என்று ஏஜென்ட் சொன்ன உடனே, "வர்றேன்" என்றுவிட்டார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் சொல்லிவிட்டார்.

கதாநாயகன் தீக்குச்சி. அந்தக் காலத்துச் சிரிப்பு நடிகர். ஒல்லி உடம்பு, உச்சியில் பெரிய தலை, அதனால் வந்த பெயர். ரொம்ப வருஷமாகப் படமே இல்லை. ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

நங்கூரத்தால் மட்டும் அவரை மறக்க முடியாது, அதற்குக் காரணம் இருந்தது. மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த சமயம் அது. டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது என்றார். அவளோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிட மாட்டாள். இத்தனை வருஷம் வாய் ஓயாமல் திட்டிய பெண்பிள்ளை திட்டக்கூடச் செய்யாமல் கிடந்தாள். ஒருநாள் ஏதோ செய்யப்போய் அவர் விரல் போனில் எங்கேயோ பட்டு, தீக்குச்சி படம் ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. மடக்கு நாற்காலியை விரித்து உட்காரப் பார்க்கிற காட்சி. அவர் விரிப்பார், அது மடங்கும். அவர் கெஞ்சுவார், அது விரியும். மெல்ல உட்காரப் போவார். சுவரைப் பார்த்துக் கிடந்தவள் எப்போது திரும்பினாளோ தெரியாது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்," என்று தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். நங்கூரம் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அதனால்தான் வந்தார். அவளும் வந்தாள். "உங்க தோளுக்குத் தைலம் தேய்க்க ஆள் வேணாமா?" என்றாள். தைலத்துக்காக யாராவது புதுப் புடவை கட்டிக்கொண்டு வருவார்களா?

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி. இந்தப் பக்கம் இவர்கள் எட்டுப் பேர். அந்தப் பக்கம் எட்டு நடிகர்கள்: ஒருவர் குட்டை, ஒருவர் மூக்குக் கண்ணாடி, ஒருவர் கால் சட்டையை மூச்சுக்கு ஒரு தடவை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். எட்டாவது ஆளாக, எல்லோருக்கும் கடைசியில், கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, கறுப்பு விக்கோடு தீக்குச்சி. அந்த முனைக்கு அவர் நங்கூரம். காமிரா முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிக் காட்சி அது. இழுக்க இழுக்க, தோற்கப்போகிறோம் என்ற முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஜெயித்துவிட்டோம் என்று நம்ப முடியாத முகமாக ஆக வேண்டும். ஒரே ஷாட்டில்.

விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்த உதவி டைரக்டர் பெண் எல்லாவற்றையும் விளக்கினாள். "முதல் விசில் அடிச்சா இழுக்கற மாதிரி நடிங்க. ரெண்டாவது விசிலுக்கு அப்படியே முன்னாடி வந்து விழுந்துடுங்க. புரிஞ்சுதா ஐயா?"

"புரிஞ்சுதும்மா," என்றார்கள் எல்லோரும்.

புரிந்துதான் இருந்தது. ஆனால் விசில் சத்தம் காதுக்குள் போனதும் அந்த 'மாதிரி' என்ற சொல் வெளியே வந்துவிட்டது. சங்கு, மூச்சைப் பிடித்து இழுக்கச் சொல்லும் தன் பழைய குரலில், "தம்!" என்றார். எட்டு ஜோடிக் குதிகால் மண்ணில் இறங்கியது. அவ்வளவுதான். எதிரணி முழுக்க ஏதோ அவசர வேலையாகப் புறப்பட்டது போலக் கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தது. பதறிப்போன அந்தப் பெண் இரண்டாவது விசிலை அடித்தாள். விசில் கேட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு இழுப்பு இழுத்தார்கள். தீக்குச்சியின் விக் பறந்து வந்து சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் புரொடக்‌ஷன் மேனேஜர். இன்னொருவர் நங்கூரம்.

"டேய், தோக்கத்தான்டா வந்திருக்கோம்," என்றார் சங்குவிடம்.

"தெரியும். வாயில தானா வந்துடுச்சு. நீ ஏன்டா சாஞ்சே?"

"நீ கத்துனே, சாஞ்சேன்."

டைரக்டர் பொறுமையான பையன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். "ஐயா, இழுக்கவே வேணாம். சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அவங்க இழுத்தா வந்துடுங்க."

சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் எட்டுப் பேரும் பல்லைக் கடித்து, கண்ணை மூடி, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு இழுத்தார்கள். சிவப்புத் துணி நூல் அளவுகூட நகரவில்லை. குட்டையருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே தம்பி. சும்மாதான் நிக்கிறோம்," என்றார் நங்கூரம். அவர் குரலில் அழுகை வராத குறை. முரண்டு பிடிக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சத்தியமாக இல்லை. போகத்தான் பார்த்தார்கள். தலை சொன்னதை இடுப்பு கேட்கவில்லை. முதுகு தன் பாட்டுக்கு வேலை பார்த்தது.

மூன்றாவது தடவை டைரக்டர், "கையைத் தளர்த்திடுங்க," என்றார். மொட்டை முதல் ஆளாகத் தளர்த்தினான். அவனைப் பார்த்து மற்றவர்களும். நங்கூரம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கயிறு பாம்பு மாதிரி துள்ளியது. எதிரணி அப்படியே மல்லாக்க, ஒருவர் மேல் ஒருவராக விழுந்தது. எல்லோருக்கும் அடியில் தீக்குச்சி.

வேடிக்கை பார்க்க உட்கார வைத்திருந்த கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஐயோ!" என்றது.

நங்கூரம் மொட்டையின் சட்டையைப் பிடித்துவிட்டார். "கையை விடுவியாடா? கயித்துல நின்னுக்கிட்டு கையை விடுவியா?"

"அவருதாண்ணே தளர்த்தச் சொன்னாரு!"

"அவரு சின்னப் பையன், அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதா?"

கயிறிழுப்பில் எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம், கையை விடுவதை மன்னிக்க முடியாது. எதிரில் இருப்பவன் முதுகெலும்பு உங்களை நம்பித்தான் சாய்ந்திருக்கிறது.

தீக்குச்சியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. மூச்சுதான் திரும்பி வர நேரமானது. மேனேஜர் அவரிடம் பேசாமல் டைரக்டரிடம் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "போதும். டூப்பைக் கூப்பிடு. முதுகுப் பக்கமா வெச்சு எடுத்துட்டுப் போயிட்டே இருப்போம். பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் தம்பி நான் படத்தையே ஒத்துக்கிட்டேன்," என்றார் தீக்குச்சி. மூச்சு வாங்கியதால் அது பாதிதான் கேட்டது.

டைரக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு ஒரே ஒரு டேக். அது சரியா வரலைன்னா டூப் போட்டுடலாம். மன்னிச்சுக்கோங்க ஐயா."

சாப்பாட்டு வேளையில் நங்கூரம் சாப்பிட உட்காரவில்லை. தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடிக்கொண்டு போனார். சாமான் வேனுக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டி மேல், விக்கை முழங்காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தீக்குச்சி. தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"நாங்க வேணும்னு பண்ணலீங்க," என்றார் நங்கூரம். மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

"தெரியும்பா. உக்காரு."

உட்கார்ந்தார். பெட்டி முனகியது.

"நான் விழுந்தப்ப ஜனங்க என்ன சொன்னாங்க, கேட்டியா?"

நங்கூரம் தலையை ஆட்டினார்.

"முன்னெல்லாம் நான் விழுந்தா சிரிப்பாங்க. மாடியில இருந்து விழுவேன், சைக்கிள்ல இருந்து விழுவேன், சும்மா நின்ன இடத்துலயே விழுவேன். கொட்டகையே குலுங்கும். இப்ப விழுந்தா ஐயோங்கறாங்க." விக்கை ஒரு பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார். "அந்த ஐயோ இருக்கே, அது வந்துடுச்சுன்னா எங்க பொழப்பு முடிஞ்சுது. இனிமே விழுந்து சிரிக்க வைக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா ஒரு தடவை ஜெயிச்சு சிரிக்க வைக்கலாம்னு பார்த்தேன். இத்தனை வருஷம் கழிச்சு வந்து முதுகையா காட்டிட்டுப் போறது?"

"நீங்க எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தார் நங்கூரம். குளியலறைக் குழாயையெல்லாம் எப்படிச் சொல்வது? "எங்க வீட்டுல உங்க படம்னா உசுரு," என்று முடித்துக்கொண்டார். யாரும் சொல்கிற வார்த்தை அது. சொல்ல வந்தது அது இல்லை.

திரும்பி வந்தபோது மற்றவர்கள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வழக்காடிக்கொண்டிருந்தார்கள். நங்கூரம் நடுவில் நின்று, அந்த மனிதருக்கு இருப்பது இன்னும் ஒரு டேக்தான், அதில் அவர் முகம் விழாவிட்டால் எல்லாம் போச்சு என்று சொன்னார்.

"அதுக்கு நாம என்னண்ணே பண்றது? இழுத்தா வந்துடறாங்க, நின்னா நகர மாட்டேங்கறாங்க, விட்டா விழுந்துடறாங்க," என்றான் மொட்டை. "தோக்கறதுக்கு ஒரு பயிற்சி வேணும். நாம அந்த வகுப்புக்கே போகலையே."

"நடிக்கணும்டா, நடிக்கணும்," என்றார் சங்கு.

"நீ நடி பார்ப்போம். விசில் கேட்டா தம்முங்கற," என்றார் இன்னொருவர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தட்டுக்களை அடுக்கிக்கொண்டிருந்த நங்கூரத்தின் மனைவி, தலை நிமிராமல், "ஏன், பியானோகிட்ட தோத்தீங்களே," என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணி, பியானோவா?" என்றான் மொட்டை.

"ஷெட்டுக்கு வந்துச்சே தம்பி, பெரிய பெட்டியில. நான் சாப்பாடு எடுத்துட்டு வந்து நின்னுக்கிட்டே இருந்தேன், ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல. வண்டியில இருந்து சரிவுப் பலகையில இறக்குனீங்க. கயிறு உங்க கையில. பியானோ இழுக்குது, நீங்க கொஞ்சம் கொஞ்சமா அது பின்னாடியே போறீங்க. கடைசியில கீழ போய் உக்காந்தப்ப அதுக்குள்ள ஒரு கம்பிகூடச் சத்தம் போடல. அன்னிக்கு பியானோ ஜெயிச்சுதா, நீங்க ஜெயிச்சீங்களா?"

மொட்டை வாயில் வைத்த கவளத்தை மெல்லவே மறந்துவிட்டான்.

"நாமதான் ஜெயிச்சோம்," என்றார் சங்கு மெல்ல. அவர் மெல்லப் பேசினாலும் பக்கத்து மேசையில் கேட்டது.

"அப்ப இவரையும் அப்படி ஜெயிங்க," என்றாள். தட்டுக்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இழுக்கிற வேலைக்கு ஆளைச் சாய்த்தால் போதும். இறக்குகிற வேலை அப்படியல்ல. சுமை கேட்கும்போது கொடுக்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் கொடுத்தால் சரிந்து விழும். கேட்ட பிறகும் கொடுக்காவிட்டால் கயிறு அறும். நாமாகக் கொடுக்கவும் கூடாது, பிடித்து வைக்கவும் கூடாது. அந்த வேலையில் கனமெல்லாம் கடைசி ஆளின் தோளில்தான் வந்து விழும். நங்கூரம் அதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். சங்கு மட்டும் அருகில் வந்து, "தோள் தாங்குமாடா?" என்றார். "நீ உன் தொண்டையைப் பாரு," என்றார் நங்கூரம்.

உதவி டைரக்டர் பெண்ணிடம் விசில் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். கையை அசைத்தால் போதும். சங்கு குரல் கொடுக்கலாமா என்றதற்கு, சத்தமெல்லாம் பிறகுதான் சேர்ப்போம், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள். பாவம், சங்கு வாயைத் திறந்து அவள் கேட்டது ஒரே ஒரு 'தம்'தான்.

டூப் ஆள் கறுப்பு விக்கோடு கூடாரத்தின் ஓரத்தில் தயாராக நின்றிருந்தான். மேனேஜர் சூரியனையும் அவனையும் பார்த்தார்.

கை அசைந்தது.

நங்கூரம் சாய்ந்தார். கயிறு நீண்டு இறுகியது. அந்தப் பக்கம் எட்டுப் பேர் இழுக்கிறார்கள். பிடித்த கைக்குக் கயிறு எல்லாவற்றையும் சொல்லிவிடும். குட்டையர் வெட்டி வெட்டி இழுக்கிறார். மூக்குக் கண்ணாடி இழுக்கவே இல்லை, தொங்குகிறார். கால் சட்டைக்காரர் நடுவில் ஒரு கையை விட்டு என்னவோ செய்கிறார், என்ன என்று தெரிந்ததுதான். இதற்கெல்லாம் பின்னால், தாளம் தப்பி, ஒரு மூச்சு தாமதமாக, கடைக்கு முன்னால் நின்று குழந்தை முந்தானையை இழுக்குமே, அந்த அளவுக்கு ஒரு சின்ன இழுப்பு வந்தது. அதுதான் அவர்.

"கடைசி ஆளு," என்றார் நங்கூரம் பல்லுக்கு இடையில். "மத்தவனுக்கெல்லாம் குடுக்காதீங்க. கடைசி ஆளு கேட்டா குடுங்க."

சங்கு, இந்த ஜென்மத்தில் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில், "பிடி... பிடி... பிடி..." என்றார். சின்ன இழுப்பு வந்தது. "விடு."

எட்டுப் பேரும் அரை அடி போனார்கள்.

"பிடி... பிடி... விடு."

சிவப்புத் துணி நகர்ந்தது. தீக்குச்சி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். நம்பவில்லை. கன்னத்தை உப்பி, கழுத்தை உள்ளே இழுத்து, எருமையைத் தொழுவத்துக்கு இழுப்பவன் மாதிரி ஒரு முகம் காட்டினார். கூட்டம் சிரித்தது. துணி நின்றது. அந்த முகம் அப்படியே வடிந்தது. கூட்டம் அதற்கும் சிரித்தது. மறுபடி இழுத்தார். இந்தத் தடவை முகத்தில் ஒரு சேட்டையும் இல்லை. இழுத்தார், அவ்வளவுதான்.

"விடு."

வந்தது.

நங்கூரத்தின் தோளில் நெருப்பு வைத்தது போல இருந்தது. எட்டுப் பேர் கனமும், எதிரில் உள்ள எட்டுப் பேர் கனமும், அந்த எலும்பு மூட்டில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. வியர்வை கண்ணை மறைத்தது. மொட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு பியானோ இறக்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, கொஞ்சம் அகலமாகி. கை இம்மியும் தளரவில்லை. இவ்வளவு அழகாகத் தோற்பவனையா சட்டையைப் பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

கோடு நெருங்க நெருங்கக் கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. யாரோ ஒரு பெண், யாரும் சொல்லாமலே, "இழுங்க! விட்றாதீங்க!" என்று கத்தினாள். அப்புறம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டச் சொல்லி அட்டை காட்ட வேண்டிய ஆள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். மேனேஜர் சூரியனை மறந்திருந்தார்.

கடைசி அடி. சின்ன இழுப்பு வரவில்லை. சங்கு "பிடி... பிடி..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தீக்குச்சி ஓய்ந்துவிட்டார் போலிருந்தது. மொட்டை தலையைத் திருப்பாமல், "குடுத்துடலாம்ணே. பாவம்ணே," என்றான்.

"கேக்கட்டும்," என்றார் நங்கூரம்.

அது மட்டும் இனாமாகப் போய்விடக் கூடாது. மற்றதெல்லாம் எப்படி வந்திருந்தாலும் சரி, இந்த ஒரு அடி அவருடையதாக இருக்க வேண்டும். தோளிடம் கெஞ்சினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

வந்தது. குழந்தை இழுப்பு இல்லை. உடம்பில் மிச்சம் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்ட இழுப்பு. கயிறு முழுக்க அதிர்ந்தது.

"விடுங்கடா!" என்று சங்கு தன் சொந்தக் குரலில் அலறினார். எட்டுப் பேரும் கோட்டைத் தாண்டினார்கள்.

டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். ஆனால் ஒன்று குறைந்தது. தோற்ற அணி கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல், கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக, பத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

"விழுங்க!" என்று உதவி டைரக்டர் பெண் வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள். "ஐயா, விழணும்!"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக மெதுவாக உட்கார்ந்தார்கள். மொட்டை மட்டும் படுத்தான். அதைப் பார்த்துத்தான் கொட்டகை குலுங்குகிற மாதிரி மைதானமே சிரித்தது. தீக்குச்சியும் சிரித்தார். காமிரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை.

'கட்' வந்தது. மேனேஜர் டூப்பைப் பார்த்து, போய்ச் சாப்பிடு என்று கையைக் காட்டினார்.

எல்லோரும் கைகுலுக்க வந்தார்கள். தீக்குச்சி அவர்களை விலக்கிக்கொண்டு, கயிற்றின் ஓரமாகவே நடந்து, இந்த முனைக்கு வந்தார். நங்கூரம் இன்னும் எழுந்திருக்கவில்லை. இடது கை சொன்னபடி கேட்கவில்லை. தீக்குச்சி எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லணும். நான் நடிகன், பொய்யைப் பார்த்தா தெரிஞ்சிடும். விட்டுக் குடுத்தீங்களா?"

மொட்டை வாயைத் திறந்தான். சங்கு அவன் காலை மிதித்தார்.

"இல்லீங்க," என்றார் நங்கூரம். "நீங்க இழுத்தீங்க. நாங்க வந்தோம்." இதில் எது பொய் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"அப்ப தோத்தீங்களா?"

அந்தச் சொல் நங்கூரத்தின் வாயில் ஒருநாளும் இருந்ததில்லை. ஷெட்டில் இல்லை, மைதானத்தில் இல்லை. வீட்டில் மனைவியோடு வாக்குவாதம் வந்தால்கூட, தூங்கப் போவாரே தவிர அதைச் சொன்னதில்லை. கயிற்றில் தோற்றது உடம்பு செய்த வேலை. அதை அவர் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். இது அப்படியில்லை. எதிரில் ஒரு வியர்த்த முகம், விக் ஒரு பக்கம் சரிந்து, பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"தோத்துட்டோங்க," என்றார்.

சின்னக் குரலில்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். பிறகு சங்கு, "ஆமாங்க, தோத்துட்டோம்," என்றார். அவருக்கு அடுத்தவர் சொன்னார். அதற்கு அடுத்தவர் சொன்னார். கோர்ட்டில் சாட்சி சொல்வது மாதிரி ஆளுக்கொரு தடவை சொல்லிக்கொண்டே போய், கடைசியில் மொட்டையிடம் வந்து நின்றது.

"என்னமோ, தோத்துட்டோம்," என்றான் மொட்டை. "ஆனா வெயிலும் ஜாஸ்தி."

தீக்குச்சி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பொய்யைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாரே, என்ன தெரிந்ததோ. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் கை கொடுப்பது வழக்கம். அதை முறையாகச் செய்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு கையையும் பிடித்து, "நல்லா விளையாடினீங்க," என்றார். நங்கூரத்தை மட்டும் எழுப்பிவிடப் பார்த்தார். முடியவில்லை. எப்படி முடியும்? மூன்று பேர் சேர்ந்து எழுப்பினார்கள்.

வேனுக்கு நடக்கும்போது மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மொட்டை, இதை ஷெட்டில் யாராவது மூச்சு விட்டால் நடப்பதே வேறு என்று சத்தம் போட்டு மிரட்டிக்கொண்டு போனான். நங்கூரம் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு பின்தங்கி வந்தார். மனைவி கூடவே நடந்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"அங்க அவருகிட்ட என்னமோ சொன்னீங்களே. எனக்குச் சரியா கேக்கல."

"எதை?"

"அதான், அந்த வார்த்தை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து காத்துக்கிட்டு இருக்கேன். அவருக்கு மட்டும் சொல்லிட்டு வந்துட்டீங்க."

நங்கூரம் முன்னால் பார்த்தார். எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னார்.

அவள் நடையை நிறுத்திவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.